யன்னல் பக்கம் கேள்வி, சுவர்ப் பக்கம் பதில்

கொட்டாஞ்சேனைப் பேர்ணடெற் மிஸ் வெள்ளவத்தைக்கு வந்தது ஆங்கிலம் படிப்பிக்க அல்ல. பழைய உடுப்புக் கொடுக்க.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த சனங்கள் வெள்ளவத்தை லொட்ஜ்களில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள் என்று ஞாயிறு பூசையில் சுவாமியார் உருக்கமாகச் சொன்னார். மாதா சபைப் பெண்கள் அழுதார்கள். அழுத கையோடு வீட்டுக்குப் போய் அலுமாரிகளைத் துப்புரவு செய்தார்கள். சேர்ந்த உடுப்புகளை இரண்டு பெரிய பைகளில் அடைத்துவிட்டு, யார் கொண்டுபோவது என்று சுற்றிப் பார்த்தபோது வேலை இல்லாதவர் என்று இருந்தவர் பேர்ணடெற் மிஸ் ஒருவர்தான்.

மிஸ் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியின் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்தவர். குண்டு வெடித்துக் கட்டடத்தின் கண்ணாடிகள் கொட்டுண்டபோது கம்பெனி ஆட்களையும் குறைத்துக்கொண்டது. கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்: “நாள் பூரா மத்தவங்களுக்கு லைன் குடுத்ததுல எனக்கு எங்கேஜ்டாவே இருந்திச்சு.”

இரண்டு பஸ் மாறி, சோதனைச் சாவடிகளில் பைகளைக் கொட்டிக் காட்டி, மறுபடி அடுக்கி, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு லேனில் இருந்த லொட்ஜின் கதவைத் தட்டினார். திறந்தவர் இரத்தினம்மா என்ற அறுபது வயதுப் பெண்மணி. இரத்தினம்மா வீட்டோடு நிற்க உடுத்தியிருந்த சேலை, மிஸ் நத்தார்ப் பண்டிகைக்கு உடுத்தும் சேலையை விட நல்லது. மிஸ்ஸுக்கு அது முதல் அதிர்ச்சி.

“என்ன கொண்டந்தனீங்கள்?”

“உடுப்பு. அகதிகளுக்கு.”

இரத்தினம்மா பைக்குள் கைவிட்டு ஒரு பூப்போட்ட கவுணை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “இதைப் போட்டுக்கொண்டு விசாவுக்குப் போனால் வாசலிலயே கலைச்சு விட்டிடுவாங்கள், மிஸ். உங்களுக்கு இங்கிலீஸ் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப அதைத் தாங்கோ. உடுப்பை வேற ஆருக்கும் குடுங்கோ.”

அந்த லொட்ஜில் உடுப்பில்லாதவர் எவருமில்லை. காத்திருப்பவர்கள்தான் இருந்தார்கள். மகனிடம் போகக் காத்திருக்கும் தாய், தமையனிடம் போகக் காத்திருக்கும் தங்கை, கலியாணப் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு கணவனிடம் போகக் காத்திருக்கும் புதுப்பெண். எல்லோரும் போக இருந்தது ஒரே நாட்டுக்கு. எந்த நாடு என்று கேட்காதீர்கள். அங்கே குளிர், அது போதும். அந்த நாட்டின் தூதரகத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருந்து கேள்வி கேட்பார். பதில் பிடித்தால் விசா. மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் பக்கத்தில் இருப்பார் என்றாலும், விசா கிடைக்காத எல்லோரும் ஒருமனதாகப் பழியைப் போட்டது அவர் தலையில்தான். நாங்கள் சரியாகச் சொன்னோம், அவன்தான் மாற்றிச் சொல்லிவிட்டான். ஆகவே ஆங்கிலம் வேண்டும்.

மிஸ் கிழமையில் இரண்டு நாள் வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு சதமும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இந்த முறை அதிர்ச்சி லொட்ஜுக்கு. இராப்பகலாக ரியூசனுக்குப் போய் வளர்ந்த சமூகம் அது. காசு வாங்காத ரியூசன் என்பது அவர்கள் கேள்விப்படாத சங்கதி. லொட்ஜ் முதலாளி சிவபாதசுந்தரம் நேராகவே விசாரித்தார்.

“மிஸ், ஒளிக்காமல் சொல்லுங்கோ. எங்களைக் கிறிஸ்தவ வேதத்தில சேர்க்கிற யோசனையோ?”

“உங்களச் சேர்த்தா அங்க ஏற்கெனவே இருக்கிறவங்க போயிடுவாங்க, ஐயா,” என்றார் மிஸ்.

வகுப்பு சாப்பாட்டு மண்டபத்தில் நடந்தது. மிஸ் அதற்கு முன் எவருக்கும் எதையும் படிப்பித்தவர் அல்ல. கூட்டமாக ஆட்களை இருத்தி ஒரு காரியத்தை மனதில் பதிப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி செபமாலை. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு செபமாலை சொல்லும்போது, செபத்தின் முதல் பாதியை ஒரு பக்கம் சொல்லும். மறுபாதியை மற்றப் பக்கம் எடுக்கும். களைப்பில்லை, பிழை விட்டால் பக்கத்தில் இருப்பவரின் குரல் இழுத்துக்கொண்டு போகும். மிஸ் அதையே செய்தார். யன்னல் பக்கம் இருந்தவர்கள் வெள்ளைக்காரர், கேள்வி கேட்பார்கள். சுவர்ப் பக்கம் இருந்தவர்கள் தமிழர், பதில் சொல்வார்கள்.

யார் எந்தப் பக்கம் இருந்தது என்பது மிஸ் தீர்மானித்த விஷயம் அல்ல. யன்னல் பக்கம் காற்று வரும். ஆகவே அறையோடு பாத்ரூம் உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள். விறாந்தை முடிவில் இருக்கும் பொதுப் பாத்ரூமுக்கு வாளியோடு வரிசையில் நிற்பவர்கள் சுவரோடு இருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தூதரகத்துக்குப் போய் வந்த ஒருவரை லொட்ஜ் வாசலிலேயே மறித்து, தண்ணீர் கொடுக்க முன்னர், “என்ன கேட்டவன்?” என்று எல்லோருமாகக் கேட்டுவிடுவார்கள். பதில்கள்தான் மிஸ்ஸின் சொந்தத் தயாரிப்பு. அந்தப் பதில்களில் வரும் கணவர் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, கிழமைதோறும் போன் எடுப்பார், மனைவி சமைத்த மீன் குழம்பை நினைத்து ஏங்குவார். கொழும்பில் அப்படி ஒருவரைக் கண்டிருந்தால் மிஸ் தானே கட்டியிருப்பார்.

அவர்கள் பேசிய ஆங்கிலத்தை இங்கே அச்சுத் தமிழில் தருகிறேன். அந்த ஆங்கிலமும் அப்படித்தான் விறைப்பாக இருந்தது.

“உங்கள் கணவரின் பெயர் என்ன?” என்று யன்னல் பக்கம் முழங்கும்.

“என் கணவரின் பெயர்...” என்று சுவர்ப் பக்கம் எழும்பி, ஆளுக்கொரு பெயரில் சிதறி, மறுபடி ஒன்றாகும்.

“உங்கள் கணவர் இதற்கு முன் திருமணம் செய்தவரா?”

“இல்லை. அவர் இதற்கு முன் திருமணம் செய்தவர் அல்ல.”

“உங்கள் கணவர் உங்களை நேசிக்கிறாரா?”

“ஆம். அவர் என்னை மிகவும் நேசிக்கிறார்.” மூன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட, கணவன் செத்துப் பத்து வருடமான இரத்தினம்மாதான் இந்த இடத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்வார்.

யன்னல் பக்கத்தில் இரண்டாவது கதிரையில் இருந்தவள் நேசமலர். வயது இருபத்தேழு. யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பெண். கணவன் வரதராசா ஊருக்கு வரப் பயந்து, குளிர்நாட்டிலிருந்து திருச்சிக்கு வந்து, அவளையும் அங்கே வரவழைத்துத் தாலி கட்டி, இரண்டு கிழமை இருந்துவிட்டுத் திரும்பிப் போனவன். அவளைக் கொழும்பில் அறையோடு பாத்ரூம் எடுத்து இருத்தியதும் அவன்தான். முதல் நேர்முகத்தில் அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் கேட்டதற்கெல்லாம் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்தாள். இது உண்மையான கலியாணம் என்று நம்ப முடியவில்லை என்று கடிதம் வந்தது. இன்னும் ஒரு தடவை கூப்பிடுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் அவ்வளவுதான்: திரும்பிப் போக ஊரில் வீடு இல்லை, குண்டு விழுந்துவிட்டது, முன்னுக்குப் போக வழி இல்லை. அந்த ஒரு தடவைக்காகத்தான் அவள் மூன்று மாதம் தவறாமல் யன்னல் பக்கம் வந்திருந்தாள்.

முதல் நாள் அவளுக்குக் குரலே வரவில்லை. ஒரு மாதத்தில் யன்னல் பக்கத்தை இழுத்துக்கொண்டு போவதே அவள் குரலாகியது. “மகள், உனக்கு விசா நிச்சயம்,” என்று மிஸ் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். எல்லோரும் நம்பினார்கள்.

பொலிஸ் வந்த பின்னேரம் வரைக்கும்.

சுற்றிவளைப்பு அந்த லேனுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று வாசலில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் உள்ளே வராமல் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே யன்னல் பக்கத்துத் தமிழர் பதினைந்து இருபது பேர் ஒரே குரலில், நல்ல ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்: “நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? கொழும்புக்கு எப்போது வந்தீர்கள்? ஏன் வந்தீர்கள்? இங்கே யாருடன் தங்கியிருக்கிறீர்கள்?”

அவர் கேட்க வந்த கேள்விகள்! வரிசை கூடப் பிசகவில்லை. மனிதர் உலகத்தில் பல லொட்ஜ்களைச் சோதித்திருப்பார். லொட்ஜ் தன்னைத் திருப்பிச் சோதிப்பதை அன்றுதான் கண்டார். முகம் சிவந்துவிட்டது.

“மொக்கத மே?” என்றார். இது என்ன என்று அர்த்தம்.

மிஸ் எழும்பித் தனது கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். இன்ஸ்பெக்டர் மிஸ்ஸின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார், பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கேட்கும் அதே குரலில் கேட்டார்: “கொழும்புக்கு எப்ப வந்த?”

மிஸ்ஸின் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்து கொட்டாஞ்சேனையில் செத்தவர். அவரின் தகப்பனும் அப்படியே. இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தாருக்கென்று உண்டான கேள்வி என்று மிஸ் அதுவரை நினைத்திருந்தார்.

“நான் எங்கயிருந்தும் வரல்ல. இங்கதான் இருக்கேன்.”

“எல்லாரும் ஒரு நாள் வந்திருக்க வேணும்தானே, மிஸ். திகதியைச் சொல்லுங்க.”

மிஸ் தனது பிறந்த திகதியைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, “வந்த காரணம்?” என்றார். கடவுள் உன்னை ஏன் படைத்தார் என்ற கேள்விதான் அதுவும். கிறிஸ்தவராகப் பிறந்த எவருக்கும் சின்னக் குறிப்பிடம் என்ற வேதபாடப் புத்தகத்திலேயே பதில் இருக்கும் கேள்வி. ஆனால் அன்று மிஸ்ஸுக்கு வரவில்லை.

யாரையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஒரு கட்டளையோடு விட்டுவிட்டார்கள்: கூட்டமாகச் சத்தம் போடக்கூடாது. படிப்பதென்றால் ஒவ்வொருவராகக் கதைத்துப் படிக்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் மிஸ் தணிந்த குரலில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நேசமலரின் நேர்முகத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. அவளில்தான் தொடங்கினார்.

“உங்கள் கணவரின் பெயர் என்ன?”

நேசமலர் மலர்ந்த முகத்தோடு, “உங்கள் கணவரின் பெயர் என்ன?” என்றாள்.

“நான் கேக்கிறேன் மகள். நீ பதில் சொல்லு.”

“பதில் அவையெல்லோ மிஸ் சொல்லுறவை?” என்று சுவர்ப் பக்கத்தைக் காட்டினாள்.

மிஸ் அடுத்தவரைக் கேட்டார். அடுத்தவரும் திருப்பிக் கேட்டார். யன்னல் பக்கம் முழுவதும் மூன்று மாதம் படித்து வெள்ளைக்காரனாகி இருந்தது. பதில் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் இல்லை. சுவர்ப் பக்கத்தில் கேள்வி விளங்கிய ஆள் இல்லை. முதல் குரல் நின்றால் இரண்டாவது குரல் எடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. மிஸ் கதிரையில் இருந்துவிட்டார்.

பரிகாரம் சுலபம். “எல்லாரும் பக்கம் மாறுங்க,” என்றார்.

யாரும் அசையவில்லை. அறையோடு பாத்ரூம் உள்ள ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ், குறை நினைக்கப்படாது. கேள்வி ஆரும் கேக்கலாம். ஆனால் இவை கேக்க நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது எண்டால்... அது ஒரு மாதிரி.”

“தூதரகத்துல பதில்தானே சொல்லணும்?”

“அது வெள்ளைக்காரனுக்கு. அது பரவாயில்லை.”

அன்று வகுப்பு அத்தோடு கலைந்தது. மிஸ் நேசமலரை மட்டும் மறித்து எதிரே இருத்தினார். வீண் கதை வேண்டாம், முதலில் தமிழில் பதில்களைச் சொல்லு, நான் ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன் என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனார். கணவன் என்ன வேலை செய்கிறான்? ஏதோ கொம்பனியில் கணக்கு என்று சொன்னார்கள். யாருடன் இருக்கிறான்? தெரியாது. காலையில் என்ன சாப்பிடுவான்? திருச்சியில் எல்லோரோடும் இருந்து இட்டலி சாப்பிட்டான்.

“என்னா மகள் இது? ரெண்டு கிழமை அவரோட இருந்தாய். ஒண்ணுமே கேக்கல்லியா?”

“வீடு நிறைய ஆக்கள் மிஸ். கலியாணம் கட்டின உடனே ஆம்பிளையிட்டை விசாரணை வைக்கிறதோ? அவரை ‘இஞ்சேருங்கோ’ எண்டு கூப்பிடவே எனக்கு வெக்கமாயிருந்தது.”

“போன்ல?”

“அவர் சுகமோ எண்டு கேப்பார். நான் ஓம் எண்டுவன்.”

மிஸ் எழும்பிக் கைப்பையை எடுத்தார். “வா. இப்பவே கேப்போம்.”

“என்னெண்டு மிஸ் கேக்கிறது?”

“உனக்குக் கேக்கத்தானே தெரியும்? இங்கிலீசுல கேளு.”

காலி வீதியில் றஸ்மியாவின் கொமியூனிகேஷன் கடை. வெளிநாட்டுக்குப் போன் எடுக்க மூன்று பலகைப் பெட்டிகள்; எந்தக் கதவும் முழுக்கப் பூட்டாது. வெள்ளவத்தையின் கலியாணங்கள், சண்டைகள், சாவுச் செய்திகள் எல்லாம் முதலில் றஸ்மியாவின் காதுக்குத்தான் வரும். அவர் நம்பரைச் சுழற்றி, “லைன் ஈக்கி, பேசுங்க,” என்று இணைப்பைக் கொடுத்தார். நேசமலரோடு மிஸ்ஸும் பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் எக்ஸ்சேஞ்சில் இருந்த காதுக்கு மறுமுனை தானாகவே கேட்டது.

நேசமலர் கண்ணை மூடிக்கொண்டு, வகுப்புக் குரலில் தொடங்கினாள். “உங்கள் கணவரின் பெயர் என்ன?”

மறுமுனையில் ஒரு திடுக்கிட்ட மூச்சு. “ஆர் கதைக்கிறது? நேசமோ?”

யன்னல் பக்கம் பதில் கிடைக்காமல் அடுத்த கேள்விக்குப் போகாது. “உங்கள் கணவரின் பெயர் என்ன?”

“...வரதராசா.”

“உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?”

அவனும் ஆங்கிலத்துக்கு மாறினான். “பேக்கரியில் வேலை செய்கிறார். இரவு வேலை.”

நேசமலர் கண்ணைத் திறந்து மிஸ்ஸைப் பார்த்தாள். கணக்கு இல்லை. மிஸ், நிறுத்தாதே என்று கை காட்டினார்.

“உங்கள் கணவர் யாருடன் வசிக்கிறார்?”

“நான்கு நண்பர்களுடன். ஒரே அறையில்.”

அவளைக் கொழும்பில் அறையோடு பாத்ரூமில் இருத்திவிட்டு அவன் நான்கு பேரோடு படுத்திருக்கிறான். ஆனாலும் கேள்வி வரிசை நேசமலரை இழுத்துக்கொண்டு போனது. நேருக்கு நேர் ‘நீங்கள்’ என்று கேட்டிருந்தால் அவளும் கேட்டிருக்க மாட்டாள், அவனும் சொல்லியிருக்க மாட்டான். இருவரும் யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றி, அந்நிய மொழியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்கள் கணவர் இதற்கு முன் திருமணம் செய்தவரா?”

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

“கட்டாயிட்டா?” என்று மேசையிலிருந்து றஸ்மியா கேட்டார்.

“இல்ல. இருக்கு,” என்றார் மிஸ்.

“ஆம்,” என்றது மறுமுனை. “அவர் செய்தவர். ஒருமுறை. அங்கே தங்குவதற்கான பத்திரத்துக்காக. அந்தப் பெண்ணோடு அவர் வாழவில்லை. அது சட்டப்படி முடிந்துவிட்டது.” பிறகு ஆங்கிலம் உடைந்து தமிழ் கொட்டியது. “நேசம், உனக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்! உங்கட வீட்டில சொல்லித்தானே கலியாணமே பேசினது. எல்லாருக்கும் தெரியும். விசாக்காரருக்கும் எழுதிக் குடுத்தனான்.”

வரிசையில் அடுத்து இருந்த கேள்வி, உங்கள் கணவர் உங்களை நேசிக்கிறாரா என்பது. நேசமலர் அதைக் கேட்கவில்லை. ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

கடைக்கு வெளியே வந்தார்கள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. “மிஸ்,” என்றாள் நேசமலர், “முதல் நேர்முகத்தில இதைத்தான் கேட்டவன். நான் இல்லை எண்டு சொன்னனான். அவன் திருப்பியும் கேட்டவன். நான் திருப்பியும் இல்லை எண்டனான்.”

அதுவரை மொழிபெயர்ப்பாளரின் தலையில் கிடந்த பழி அந்த இடத்திலேயே இறங்கியது. வெள்ளைக்காரனின் மேசையில் கணவன் கையெழுத்து வைத்த கடுதாசி. எதிரே, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத மனைவி. நீங்களும் நானும் என்றாலும் நம்பியிருக்க மாட்டோம்.

மிஸ் லொட்ஜுக்குத் திரும்பி வந்த வேகத்தில் வாசல் கதவு சுவரில் போய் அடித்தது. இரத்தினம்மா மண்டபத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அவர் வரதராசாவின் ஊர். தாய் வழியில் சின்னம்மா முறை.

“உங்களுக்குத் தெரியுமா, வரதராசா முந்தியே ஒரு கலியாணம் செஞ்சவர்ன்னு?”

“அது கடுதாசிக் கலியாணம் எல்லோ,” என்றார் இரத்தினம்மா, பயற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்க கனபேர் செய்தவை.”

“தெரிஞ்சிருந்தும் நீங்க ஏன் சொல்லல்ல?”

“அவள் கேக்கேல்லையே.”

“கேட்டாளே! மூணு மாசமா கிழமைக்கு ரெண்டு தரம் உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டாளே! நீங்கதானே ‘இல்லை, இல்லை’ன்னு எல்லாரையும் விடக் கத்தினது!”

“அது இங்கிலீசில,” என்றார் இரத்தினம்மா.

மிஸ் திரும்பி, அங்கே நின்ற சிவபாதசுந்தரத்தைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற தபாலதிபருக்கும் தெரியும். பாத்ரூம் விஷயத்தில் பிரிந்து கிடந்த அந்த லொட்ஜ் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்திருக்கிறது.

“பாடத்தில உள்ளபடிதானே மிஸ் சொன்னனாங்கள்,” என்று இரத்தினம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். “இல்லை எண்டு சொல்லித்தந்தது நீங்கள்.”

அது உண்மை. அந்த உத்தமமான கணவரை உண்டாக்கியது மிஸ்தான். மிஸ் அன்று தேத்தண்ணீர் குடிக்காமல் கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

நேசமலர் நேர்முகத்துக்குப் போகமாட்டாள் என்று லொட்ஜ் முடிவு கட்டியது. இரண்டு நாள் அவள் அறைக் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே மிஸ்ஸின் வீட்டுக்குத் தனியாக வந்து நின்றாள். கொழும்பில் அவள் தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. “போறன் மிஸ். அவர் பொய் சொன்னாரோ எண்டு எனக்கு இன்னும் தெரியாது. கேட்ட உடனே சொன்னவர். சொல்லாமல் விட்டது மற்ற ஆக்கள். பதிலைச் சொல்லித்தாங்கோ.”

“என் பதில் எதுவும் வேணாம்,” என்றார் மிஸ். “உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. நான் இங்கிலீஸ் சொல் மட்டும் தாறேன்.”

நேர்முக நாளில் மிஸ் தூதரகத்துக்கு எதிரே வாகை மர நிழலில் நின்றார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் இரண்டு தடவை வந்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். நேசமலர் வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை.

“கேட்டானா?”

“கேட்டவன். ஓம், செய்தவர் எண்டனான். போனமுறை இல்லை எண்டீரே எண்டான். போனமுறை எனக்குத் தெரியாது, பிறகு நான் அவரைக் கேட்டனான், அவர் சொன்னவர் எண்டனான். எல்லாம் இங்கிலீசில, மிஸ். மொழிபெயர்க்கிறவர் சும்மா இருந்தவர்.”

“பிறகு?”

“பேனையை வச்சிட்டு, இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் ஏன் அவரிட்டைப் போக விரும்புறீர் எண்டு கேட்டான்.”

அது வகுப்பில் இல்லாத கேள்வி. போய் வந்த ஒருவரும் சொல்லாத கேள்வி. “நீ என்னா சொன்னே?”

“‘எனக்கு இன்னும் தெரியாது’ எண்டனான்.”

“ஆண்டவரே! விசாக்காரன்கிட்ட யாராவது தெரியாதுன்னு சொல்லுவாங்களா?”

“வேற பதில் இல்லை மிஸ்.”

பாஸ்போட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. விசா குத்தி வந்தது. லொட்ஜில் கற்கண்டு கொடுத்தார்கள். சிவபாதசுந்தரம் தன் மண்டபத்தின் ராசி என்றார். இரத்தினம்மா கன்னத்தைத் தடவி, “நான் அப்பவே நினைச்சனான்,” என்றார். சூட்கேஸ் வாங்க யார் கூடப் போவது என்று கதை நடக்கும்போதுதான் நேசமலர் சொன்னாள், ரிக்கற் சரியாக வரும் வரைக்கும் தான் போகப் போவதில்லை என்று.

“ரிக்கற் அவர் அனுப்புவார் எல்லோ?”

“ஒரு பக்க ரிக்கற் அனுப்பினவர். திருப்பி அனுப்பிப்போட்டன். போகவும் வரவும் போட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறன்.”

அந்த லொட்ஜ் சுற்றிவளைப்புகளைக் கண்டது. குண்டுச் சத்தத்தில் கண்ணாடி நடுங்கியதைக் கண்டது. இப்படியொரு நிசப்தத்தை அது கண்டதில்லை. அங்கிருந்து எத்தனையோ பேர் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள்; வரும் ரிக்கற் என்ற ஒன்று உண்டு என்பதையே எல்லோரும் மறந்து கனகாலம்.

“உனக்கென்ன விசரோ, பிள்ளை?” இரத்தினம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “இந்த நாட்டுக்குத் திரும்பி வாறதுக்கு ஆராவது ரிக்கற் எடுப்பினமோ? ஒரு பெண்பிள்ளை புருசனைப் பாத்துக் கேக்கிற கேள்வியோ இது? அவன் என்ன நினைப்பான்?”

“அவரும் ஏன் எண்டுதான் கேட்டவர். உங்களைப் பற்றி எனக்கு இன்னும் பாதி தெரியாது, வந்து பாத்துத்தான் சொல்லவேணும் எண்டனான்.”

“இங்கிலீசுலயா?” என்று மிஸ் கேட்டார்.

“இல்லை மிஸ். தமிழில.”

ரிக்கற் வர ஒரு மாதம் பிடித்தது. பேக்கரியில் இன்னும் எத்தனை இரவு நின்றானோ தெரியாது. அந்த ஒரு மாதமும் லொட்ஜ் அவளோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விமான நிலையத்துக்கு வான் வந்து நின்ற காலையில்தான் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சிவபாதசுந்தரம் ரிக்கற்றை ஒருக்கால் தரச் சொல்லி வாங்கி, முதல் தாளைப் புரட்டி, இரண்டாவது தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். திரும்பி வந்து இறங்கும் இடம் கட்டுநாயக்கா என்று போட்டிருந்தது. திகதி மட்டும் போடாமல் திறந்து விட்டிருந்தது. அதை யன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் என்ற பேதமில்லாமல் கைமாறிக் கைமாறி எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். சிலர் தாளைத் தடவியும் பார்த்தார்கள்.

“சரி பிள்ளை,” என்றார் சிவபாதசுந்தரம், திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர் மாதிரி. “இதை நீ என்ன செய்யப்போறாய்?”

“வச்சிருப்பன்,” என்று சொல்லி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேசமலர் வானில் ஏறினாள்.